எலுமிச்சம்பழத்தில் ஏறிய வண்டி

காலை பதினொன்று பத்துக்கு மகனிடமிருந்து போன் வந்தது. "அம்மா, வண்டிச் சாவியப் புடுங்கிக்கிட்டாங்க. வழியில நிலக்கரிய வித்துட்டேன்னு சொல்றாங்க. போலீசக் கூப்பிடப் போறாங்களாம்." பக்கத்தில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஆபீசில் யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்பினேனா என்று இன்றுவரை நினைவில்லை. ஸ்கூட்டர் ஓட்டியதும் நினைவில்லை. புரோக்கர் கடை வாசலில் இறங்கியபோது கையில் மூடியில்லாத பேனா இருந்தது.

மகன் பி.காம். படித்தவன். லாரிதான் பிடிக்கும் என்று போய்விட்டான். துறைமுகத்தில் ஏற்றும் நிலக்கரியை உள்மாவட்டத்து ஆலைகளுக்குக் கொண்டுபோகிறான். லோடு பிடித்துத் தருவது இந்தப் புரோக்கர். கூலியும் இவர் கையிலிருந்துதான் வரவேண்டும். இந்த முறை ஆலையில் சரக்கு இறக்காமல் இரண்டு நாள் காக்க வைத்துவிட்டார்கள். அதற்கான கூலியைக் கேட்டிருக்கிறான். எழுதி வைத்ததைக் காட்டு என்று டிரிப் புத்தகத்தை வாங்கியிருக்கிறார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த கணக்கர் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். "படிச்சவங்கதானே, நீங்களே பாருங்க. செவ்வாக்கிழம காலையில ஏழே முக்காலுக்குக் கெளம்புனதா எழுதியிருக்கான். போய்ச் சேந்தது ராத்திரி. வழக்கமா ஆவறதவிட மூணு மணி நேரம் கூட. எடையும் கொறையுது. அந்த மூணு மணி நேரம் வண்டி எங்க நின்னுச்சு?"

மகன் சுவரை ஒட்டி நின்றிருந்தான். "ஒம்போதுலேர்ந்து பத்தரை எமகண்டம்மா. அதான் நல்ல நேரத்துல நகத்தி வச்சேன்."

எனக்குப் புரிந்தது. அங்கே எல்லா டிரைவர்களும் அப்படித்தான். கெட்ட நேரம் வருமுன் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியைப் பத்தடி நகர்த்தி நசுக்கிவிடுவார்கள். கிளம்பியதாகப் புத்தகத்தில் எழுதிவிடுவார்கள். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நிஜமாகப் புறப்படுவது எப்போதோ. ஓயாமல் பயப்படும் என் மனசுக்கு அந்த எலுமிச்சம்பழம் ஒரு துணையாகத்தான் இருந்தது.

"எமகண்டத்த ஸ்டேஷன்ல சொல்லு தம்பி, எழுதிக்குவாங்க" என்றார் வாசலில் நின்ற டிரைவர் ஒருவர். அவரும் செவ்வாய்க்கிழமை பழம் நசுக்கியவராகத்தான் இருப்பார்.

"நீ எங்கயும் நிறுத்தலயேடா?" என்று கேட்டேன். வாயிலிருந்து வந்துவிட்டது. மகன் என்னைப் பார்த்தான். அதுவரை கணக்கரைக்கூட அவன் அப்படிப் பார்க்கவில்லை.

கணக்கர் செல்போனை எடுத்து எண்களை அழுத்தத் தொடங்கினார். "வேணாம் சார், கொஞ்சம் பொறுங்க சார்" என்று நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். உட்காரச் சொன்னார்கள். உட்கார முடியவில்லை. திருடன் என்று ஒருமுறை எழுதிவிட்டால் எந்த லாரிக்காரர் இவனுக்குச் சாவி கொடுப்பார்?

அப்போது வாசலில் கார் நின்றது. புரோக்கரே வந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கணக்கரிடம் திரும்பினார்.

"அன்னிக்கு இவனுக்கு பில் போட்டது யாரு?"

"நான்தாங்க."

"எத்தன மணிக்கு?"

கணக்கர் போனைக் கீழே வைத்தார். "பத்தரைக்கு மேல ஆயிடுச்சுங்க. எமகண்டத்துல பில் போடக்கூடாதுன்னு நீங்கதானங்க சொல்லியிருக்கீங்க."

வாசலில் நின்றவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பில் இல்லாம எப்படிய்யா வண்டி போவும்? ஈரக் கரி காஞ்சா எட கொறையத்தான் செய்யும். சாவியக் குடு" என்றார் புரோக்கர்.

சாவி மகன் கைக்கு வந்தது. கும்பிட்டேன். புரோக்கர் என்னைப் பார்த்துச் சிரித்தார். புத்தகத்தை மூடி என் மகனிடம் நீட்டினார்.

"திருடலம்மா, அத ஒத்துக்கறேன். ஆனா அந்த ரெண்டு நாள் கூலி கெடையாது. கெளம்பாமயே கெளம்புனேன்னு எழுதுறவன், நிக்காமயே நின்னேன்னு எழுத மாட்டான்னு நான் எப்படிம்மா நம்புறது?"