உதைத்தால் கும்பிடக் கூடாது

புதுச்சேரியில் கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு மாடி ஹால். விடுதிக்காரர் பேச்சைக் கேட்டுக் காலை உடற்பயிற்சி வகுப்பில் வந்து மாட்டியிருக்கிறேன். நடனம், சண்டை, யோகா மூன்றையும் ஒரே பாட்டுக்குள் போட்டு ஆட்டுகிறார்கள். இடுப்பு சொன்ன பேச்சு கேட்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை.

இப்போது உதைக்கும் பயிற்சி. தடித்த மெத்தை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எதிரே செல்வி அக்கா, அரியாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர்.

"ஊரு பாக்க வந்துருக்கீங்க. உங்களப் போய் எப்படி உதைக்கிறது?" என்கிறார்.

"மெத்தையத்தானக்கா உதைக்கப் போறீங்க."

தயங்கித் தயங்கிக் காலைத் தூக்குகிறார். அது மெத்தையைத் தாண்டி என் முழங்கையில் படுகிறது. உடனே பதறி, என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். என் முறை வந்ததும் என் கால் அவர் மேல் பட, நானும் அதையே செய்கிறேன். திரும்பிப் பார்த்தால் ஹால் முழுக்க உதையும் கும்பிடுமாக இருக்கிறது. டீச்சர் பாட்டை நிறுத்துகிறார்.

"கால் பட்டா பரவால்ல. இங்க யாரும் யாரையும் தொட்டுக் கும்பிடக் கூடாது."

பாட்டு மறுபடி அதிர்கிறது. செல்வி அக்கா மூச்சை இழுத்து ஒரு உதை விடுகிறார். மெத்தையோடு போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிடுகிறேன். ஓடி வந்து குனிகிறார். தொட்டுக் கும்பிட நீட்டிய கை பாதியில் நின்றுவிடுகிறது.

"அடி பட்டுச்சா?"

"இல்லக்கா."

முகமெல்லாம் பல்லாக நிமிர்கிறார். "அப்ப எழுந்திரிங்க. இன்னொரு வாட்டி உதைக்கிறேன்."