பன்னிரண்டில் ஓர் இதழ்

டிராயிங் பரீட்சை விதிகளின்படி, கேட்ட உருவத்தை முழுமையாக வரைய வேண்டும். ஹால் மேற்பார்வையாளர் கேள்வியைத் திரும்ப வாசிக்கலாம். விளக்கம் சொல்லக் கூடாது. இதை இயற்றியவர் ராசிபுரத்துத் தறிக்காரர் எவரையும் சந்தித்திருக்க மாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் சேலம் அஸ்தம்பட்டியில் டிராயிங் மாஸ்டர். பரீட்சை மேற்பார்வையும் என் தலையில்தான். அந்த வருஷம் எழுத வந்தவர்களில் செங்கோடன் ஒருவர். ராசிபுரம் பக்கம் ஒரு நெசவுப் பள்ளியில் தற்காலிக டிசைன் ஆசிரியர். தேறினால் வேலை நிரந்தரம். தவறினால் மறுபடியும் தறிக்குழியில் இறங்கி நெய்ய வேண்டியதுதான்.

கேள்வி இது: ஸ்கேலும் காம்பஸும் மட்டும் கொண்டு, முழு வட்டத்திலும் பன்னிரண்டு இதழ்ப் பூ வரைக. மற்றவர்கள் வட்டத்தைப் பங்கிடுவதிலேயே வியர்த்துக்கொண்டிருந்தார்கள். செங்கோடன் பன்னிரண்டாகப் பிரித்தார், ஓர் இதழை அழகாக வரைந்தார், ஓரத்தில் ‘இதே போல் சுற்றிலும்’ என்று எழுதினார், காம்பஸைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. கட்டத்தாளில் சேலை டிசைன் போடுகிறவர்கள் ஒரு பூதான் போடுவார்கள். அதையே சேலை நெடுகப் போட்டுக்கொண்டு போவது தறியின் வேலை.

பக்கத்தில் போய் நின்று கேள்வியைத் திரும்ப வாசித்தேன். ‘முழு’ என்ற இடத்தில் கூரை ஓடு அதிர்ந்திருக்கும்.

“கேட்டனுங்க சாமி. முடிச்சுட்டனுங்க.”

எத்தனை முறை வாசிக்கலாம் என்று விதி சொல்லவில்லை. இன்னொரு முறை வாசித்தேன்.

“ஏனுங்க, மீதி பதினொண்ணும் இதே இதழுதானுங்களே? ஒண்ணையே பன்னெண்டு தடவ போட்டா எங்க பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்க.”

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். முறைப்பதற்கு விதியில் தடையில்லை, முறைத்தேன். செங்கோடன், “போயிட்டு வாரேனுங்க” என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

விடைத்தாளோடு சென்னைப் பரீட்சை ஆபீசுக்கு ஒரு கேள்வியும் அனுப்பினேன்: ‘இதே போல் சுற்றிலும்’ என்று குறித்த உருவம் முழுமையானதா? பதில் வரும்வரை அவருடைய ரிசல்ட்டை நிறுத்தி வைத்தார்கள். நெசவுப் பள்ளித் தலைவர் ஆரோக்கியசாமி என்னைத் தேடி வந்தார்.

“நிறுத்தி வெச்சா ஃபெயிலுன்னு அர்த்தமுங்களா?”

“பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல.”

“அப்ப ஆளை வேலைய விட்டு அனுப்பச் சொல்லி எனக்கு ஆர்டர் இல்லீங்க. அதுவரைக்கும் இருக்கட்டும். நீங்க நினைவூட்டுக் கடுதாசி ஏதும் எழுதப் போறீங்களா?”

“விதிப்படி எழுதலாம்.”

“பாவமுங்க, மெட்ராஸ்ல அவங்களுக்கு எத்தனை வேலை!”

விதியை எடுத்துப் பார்த்தேன். நினைவூட்டுக் கடிதம் ‘தேவைப்படின்’ அனுப்பலாம் என்றிருந்தது. எனக்குத் தேவைப்படவில்லை.

அடுத்த வருஷம் செங்கோடன் மறுபடி எழுதினார். பன்னிரண்டு இதழையும் வேண்டா வெறுப்பாகப் போட்டு முடித்துத் தாளை நீட்டினார்.

“இந்தாங்க சாமி. தறி பண்ற வேலைய நானே பண்ணிட்டனுங்க.”

தேறினார். ஆனி மாதம் நிரந்தர ஆர்டர் கைக்கு வந்தது.

இளம் மாஸ்டர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: சந்தேகத்தை எழுத்தில் கேளுங்கள், பதிலுக்கு அவசரப்படாதீர்கள். ‘உருவம் முழுமையற்றது, மேற்படி நபரைத் தேறாதவராகக் கருதவும்’ என்று சென்னையிலிருந்து எனக்குப் பதில் கிடைத்தது, அந்த ஆனிக்கு அடுத்து வந்த ஆடிப் பதினெட்டு அன்று.