சி.ஐ.டி. அக்காவும் பதினேழாம் நோயாளியும்

பிரீசர் கதவின் மேல் மைனஸ் எண்பது என்று சிவப்பாக எரிகிறது. அக்கா அதை ஒரு தடவை பார்க்கிறார். பிறகு வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து ஒயர் வைத்த தன் சொந்தத் தெர்மாமீட்டரை எடுத்து, கதவை லேசாகத் திறந்து உள்ளே விட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறார். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் அவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும். "இன்னிக்குச் சரியாத்தான் காட்டுது" என்பார், நேற்று வரை அது பொய் சொல்லிக்கொண்டிருந்த மாதிரி.

எங்கள் ஆய்வகத்தில் இவருக்கு சி.ஐ.டி. அக்கா என்று பெயர். நேரில் வெறும் அக்கா. வயது ஐம்பத்திரண்டு. இருபத்திரண்டு வருடமாக டெக்னீசியன், அதுவும் வருடா வருடம் ஆய்வகத் தலைவர் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்க வேண்டிய வேலை. என் மேசைக்கு அடுத்த மேசை அவருடையது. ஏழு வருடமாக அவர் என்னைக் கவனிக்கிறார், நான் அவரைக் கவனிக்கிறேன். என்னைப் பற்றித் தலைவரிடம் போட்டுக்கொடுக்கிறவர் இவர்தான் என்று முதல் இரண்டு வருடம் உறுதியாக நம்பியிருந்தேன். அந்த நினைப்பு இப்போது முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பொய்தான்.

சுண்டுவிரல் நுனி அளவு பிளாஸ்டிக் குழாய்களில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. எல்லோரும் மூடியில் எண் எழுதுவோம். அக்கா மூடியிலும் எழுதுவார், குழாயின் உடம்பிலும் எழுதுவார். "மூடியில எழுதினது மூடியோட போயிடும் தம்பி. ரெண்டு குழாயைத் திறந்து வெச்சிட்டு நீ தும்மினா, எது எதுன்னு யாரு சொல்றது?" நான் தும்முகிறவன் என்பது அவருடைய முடிவு. ஏழு வருடத்தில் ஒரு தடவை தும்மியிருப்பேன்.

புது ஆன்டிபாடி புட்டி வந்தால் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை விசாரிப்பது போல விசாரணை தொடங்கும். ஆன்டிபாடி என்பது ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும் பொருள். அதை வைத்துத்தான் அந்தப் புரதம் இருக்கும் இடத்தைப் படத்தில் ஒரு கறுப்புப் பட்டையாகப் பார்க்கிறோம். இது வேறெதையும் பிடிக்காது என்று கூடவே ஒரு தாள் வரும்.

"யாரு சொன்னா?" என்பார் அக்கா.

"கம்பெனிதான் அக்கா."

"விக்கிறவன் வேற என்ன சொல்வான்?"

அந்தப் புரதமே இல்லாத செல்களை எடுத்து, ஆன்டிபாடியை அவற்றின் மேல் ஊற்றிப் பார்ப்பார். பத்தில் மூன்று தடவை அங்கேயும் பட்டை வரும். அந்த மூன்று தடவையால்தான் எங்களால் அவர் வாயை அடைக்க முடியவில்லை.

அவருடைய கணவர் பஸ் ஓட்டுகிறவர். ஒருநாள் மறந்துபோன சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்தவரை வராந்தாவில் பிடித்து வாயைக் கிளறினேன். "காய்ச்சல்னு படுத்தா ரெண்டு தெர்மாமீட்டர் வைப்பா சார். ரெண்டும் ஒரே மாதிரி காட்டினாத்தான் மாத்திரை. அதுக்குள்ள காய்ச்சலே போயிடும்" என்றார். சொல்லும்போதே திரும்பிக் கதவைப் பார்த்துக்கொண்டார்.

ஆய்வகத்தைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலையும் அக்காவுடையது. "புரதம்னா ஒரு நீளமான சரம். சரமாவே கிடந்தா ஒரு வேலையும் ஆகாது. மடிஞ்சாத்தான் அதுக்கு உருவம், உருவம் வந்தாத்தான் வேலை. மடிஞ்ச பிறகு அது மேல ஒரு பாஸ்பேட் வந்து ஒட்டிச்சுன்னு வைங்க, உருவம் மாறும், வேலையும் மாறிடும். ஒட்ட வைக்க ஒரு என்சைம் இருக்கு, பிச்சுப்போட இன்னொரு என்சைம் இருக்கு. ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ளதான் குடியிருக்கு." கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். "புரிஞ்சுதா?" என்பார். புரிந்தது என்றால் அதையும் நம்ப மாட்டார், திருப்பிச் சொல்லச் சொல்வார்.

எங்கள் ஆய்வகம் துரத்துகிற புரதம் அப்படிப்பட்ட ஒன்று. நல்ல உடம்பிலும் செல்லுக்குள் மரபுப்பொருள் எப்போதும் கொஞ்சம் சேதமாகிக்கொண்டேதான் இருக்கும். சேதமானால் இதன் மேல் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பாஸ்பேட் ஒட்டும். ஒட்டியதும் மடிப்பு திறந்துகொள்ளும். திறந்த புரதம், செல் இனிமேல் பிரியாமல் முதலில் பழுதுபார்க்கும்படி செய்யும். ஒரு வகை ரத்த நோயாளிகளிடம் இந்த பாஸ்பேட் ஒட்டுவதே இல்லை என்று கண்டுபிடித்தவர் எங்கள் ஆராய்ச்சி மாணவி. ஐந்து வருட உழைப்பு. இரண்டு வயதுக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து செய்த வேலை. ஆய்வேட்டைக் கொடுக்க ஐந்து வாரம்தான் பாக்கி இருந்தது.

மொத்தம் முப்பது நோயாளிகள். இருபத்தொன்பது பேருக்குப் பட்டை மங்கல். பதினேழாம் நோயாளிக்கு மட்டும், நல்ல உடம்புக்காரர்களுக்கு இருப்பது போலவே கறுப்பாக, கொழுகொழுவென்று ஒரு பட்டை.

"ஒண்ணு ரெண்டு அப்படித்தான் இருக்கும், விடுங்க" என்றார் தலைவர். நாங்களும் விட்டுவிட்டோம்.

"இருக்கும்" என்றார் அக்கா. "இல்லாமலும் இருக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண் கரையேறப் போகும் நேரத்தில் இந்த அம்மாவுக்கு என்ன வந்தது என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடம் குழாய் கழுவியும் தன் பெயர் எந்தக் கட்டுரையிலும் வரவில்லை என்ற பொறாமையாக இருக்கும் என்று பக்கத்து அறையில் சொல்லியும் வைத்தேன். அதற்கு அங்கே நல்ல வரவேற்பு இருந்தது.

அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார். மாணவி குழாயை எடுக்கும்போது பின்னால் போய் நின்றார். மருத்துவமனையிலிருந்து ரத்தப் பெட்டி கொண்டுவரும் உதவியாளரை நிறுத்தி, வழியில் எங்கேயாவது டீ குடிப்பாயா என்று கேட்டார். "பெட்டியைக் குடுக்கறாங்க, தூக்கிட்டு வரேன். டீயெல்லாம் இங்க வந்துதான்" என்று அவர் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அக்கா மருத்துவமனைக்கே போய், வார்டில் நர்சைப் பிடித்து, பதினேழாம் நோயாளிக்கு ரத்தம் எடுத்த நாளைப் பற்றி மட்டும் கேட்டார். நர்சுக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்கு உதவியாளர் லீவு. நோயாளியின் அண்ணன் எங்கள் கட்டிடத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறவர். எடுத்த கையோடு அவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"மத்த நாள்ல?"

"காலையில எடுத்ததெல்லாம் சேத்து வெச்சு மத்தியானம் ஒரே தடவையா அனுப்புவோம்."

ரத்தம் எடுத்த கால் மணிக்குள் அதைப் பனிக்கட்டியில் வைத்து எங்களிடம் சேர்த்துவிட வேண்டும், வந்ததும் என்சைம்களை நிறுத்தும் மருந்தை ஊற்ற வேண்டும் என்பது எங்கள் விதி. ஊற்றும் வரை செல்லுக்குள் ஒட்டுகிறதும் பிய்க்கிறதும் நடந்துகொண்டேதான் இருக்கும். நல்ல உடம்புக்காரர்களின் ரத்தம் எங்கள் வராந்தாவிலேயே எடுத்தது, ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். நோயாளிகளின் ரத்தம் இரண்டரை மணி நேரம் ஒரு மேசை மேல் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை அக்கா என் முன்னால் வந்து நின்றார். "தம்பி, கையை நீட்டு."

என் ரத்தம், அவர் ரத்தம், கோபமாக இருந்த உதவியாளரின் ரத்தம். ஒவ்வொன்றிலும் பாதியை உடனே பனிக்கட்டியில் வைத்து மருந்து ஊற்றினார். மீதிப் பாதியை மேசை மேல் இரண்டரை மணி நேரம் சும்மா வைத்தார். இரண்டு நாள் கழித்துப் படம் வந்தது. உடனே வைத்த பாதியில் எனக்குக் கறுப்புப் பட்டை. காத்திருந்த பாதியில் நானும் நோயாளி. மூன்று பேருக்கும் அப்படியே. புரதம் குறையவில்லை, இன்னொரு ஆன்டிபாடி வைத்து அதையும் பார்த்துவிட்டார். பாஸ்பேட் மட்டும் போயிருந்தது. ஐந்து வருடமாக நாங்கள் நோய் என்று நினைத்தது வெறும் தாமதம்.

மாணவி படத்தை விளக்கின் மேல் வைத்துப் பார்த்தார். முகத்தில் ஈ ஆடவில்லை. "அஞ்சு வருஷம் அக்கா" என்றார்.

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அக்கா கேட்டது வேறு. "மத்தியானம் சேத்து அனுப்புங்கன்னு அவங்களுக்குச் சொன்னது யாரு?"

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் தொங்கியது. மாணவியின் கவனக்குறைவு என்றால் ஒரு நாள் கூடத் தவணை கிடையாது, ஐந்து வருடமும் வீண். ஆய்வகத்தின் தவறு என்றால் மறுபடி ரத்தம் சேகரித்து எழுத ஒரு வருடம் கொடுப்பார்கள். தலைவர் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார், அந்தத் தவறு தன் தலையில் விழும் என்பதை மட்டும் சொல்லவில்லை. வெளியிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வந்து விசாரிக்கப் போகிறார்கள் என்றும் சொன்னார்.

நர்ஸ் சொன்னது ஒன்றே ஒன்று. "உங்க லேப்லேருந்துதான் போன்ல சொன்னாங்க. லேடீஸ் குரல்." இந்த வேலை தொடங்கிய வருடத்தில் எங்கள் ஆய்வகத்தில் பெண்கள் இரண்டே பேர். அக்கா மாணவியைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் மாணவியைப் பார்த்தோம்.

"நீயாம்மா சொன்னே?"

"இல்லக்கா. சொன்ன மாதிரி ஞாபகமே இல்ல."

"ஞாபகம் இல்லேங்கறது வேற, சொல்லலேங்கறது வேற."

மருத்துவமனையிலிருந்து வரும் போன்களை ஒரு நோட்டில் எழுதிவைப்பது ஆய்வகப் பழக்கம். பழைய நோட்டுகள் ஸ்டோர் அறையில் கட்டாகக் கிடந்தன. அன்று மதியம் பெட்டி எடுக்க அந்தப் பக்கம் போனேன். அக்கா தரையில் உட்கார்ந்து ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை. இந்த அம்மாவுக்குப் பின்னால் ஆள் வந்து தெரியாமல் போனது அதுதான் முதல் தடவை. தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தேன். வலப்பக்கம் சாய்ந்த எழுத்து, தேதிக்கு அடியில் இரட்டைக் கோடு. 'வார்டிலிருந்து கேட்டார்கள். எல்லாவற்றையும் சேர்த்து மதியம் அனுப்பலாம் என்று சொல்லிவிட்டேன்.' அந்த எழுத்தை ஏழு வருடமாகக் குழாய்களின் உடம்பில் பார்க்கிறேன். அக்காவின் எழுத்து.

சத்தமில்லாமல் வெளியே வந்தேன். மாலையில் அவர் அந்த நோட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியதையும் பார்த்தேன்.

மறுநாள் அவரிடம் கேட்டேன். "அக்கா, அந்தப் போன் நோட்டு கிடைச்சுதா?"

"தேடிட்டிருக்கேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுவிட்டுத் தன் முறை வந்ததும் நோட்டை ஒளித்துவிட்டாரே என்று இருந்தது. எரித்திருப்பார் என்றுகூட நினைத்தேன். நானே போய்ச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை தலைவர் அறை வரை போனேன். கையில் சாட்சி இல்லாமல் என்ன சொல்வது என்று இரண்டு தடவையும் திரும்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் வருடா வருடம் கையெழுத்துப் போடுகிறவர் அதே தலைவர்தான். அக்கா இரண்டு நாளும் மதிய நேரத்தில் காணாமல் போனார். அலுவலகத்தில் பழைய வருகைப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார் என்று உதவியாளர் வந்து சொன்னார். போன் வந்த அன்றைக்குத் தான் லீவு போட்டதாக ஒரு வரி சேர்க்கத்தான் போயிருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

விசாரணை நாள் வந்தது. நீள மேசையின் ஒரு பக்கம் தலைவரும் இரண்டு பேராசிரியர்களும். எதிர்ப்பக்கம் மாணவி, அக்கா, ரத்தம் கொடுத்த சாட்சியாக நான். படங்களைப் பார்த்து முடித்ததும் தலைவர் மாணவியிடம் திரும்பினார்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க. புதுசா சேர்ந்த நேரம். யாராவது கேட்டா சரின்னு சொல்லியிருப்பீங்க. தப்பில்ல, நடக்கிறதுதான்."

மாணவி கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மூன்று நாளாக எல்லோரும் இதையே கேட்டுக் கேட்டு அவருக்கே தன் மேல் நம்பிக்கை போயிருந்தது. "தெரியல சார். ஒருவேளை நான்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ."

பேராசிரியர் ஒருவர் பேனாவைத் திறந்தார்.

"எழுதாதீங்க சார்" என்றார் அக்கா. கைப்பையைத் திறந்து நோட்டை எடுத்தார், கூடவே வருகைப் பதிவேட்டின் நகல் ஒன்றையும் எடுத்தார். "மூணு நாளா என்கிட்டதான் இருக்கு. என் எழுத்து மாதிரி வேற யாராவது எழுதியிருக்கலாமோன்னு பாத்தேன். போன் வந்த அன்னிக்கு நான் வேலைக்கு வந்திருக்கேன். அந்தப் பொண்ணு லீவு."

நோட்டை விரித்துத் தலைவர் பக்கமாகத் திருப்பி, அந்த வரியின் கீழ் ஆள்காட்டி விரலை வைத்தார். தலைவர் படித்தார், திரும்பவும் படித்தார். "சரிம்மா, இதை நாம உள்ளுக்குள்ள அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே நோட்டின் அட்டையை மெதுவாக மூடினார். அக்கா விரலை எடுக்கவில்லை. அட்டை அவர் விரல் மேல் விழுந்தது. விரலை உள்ளே வைத்தபடியே, மற்றொரு கையால் பேராசிரியர்கள் இருவரையும் மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து பார்க்கும்படி கூப்பிட்டார்.