அண்ணனின் தொகுதி

என் அண்ணன் வாக்களித்த கட்சி அவருடைய தொகுதியில் ஒருமுறைகூட வென்றதில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக, ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் அதே கட்சிக்குப் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் எனக்குத் தொலைபேசி எடுத்து, "தோத்துப்போச்சடா" என்பார். குரலில் கவலை இருக்காது. பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்கிற ஆளின் குரல்தான் இருக்கும்.

அவர் இருந்தது வேல்ஸில், மலைகளுக்கு நடுவே ஒரு பழைய நிலக்கரி ஊரில். நான் ஜெர்மனியில், ஹனோவரில். யாழ்ப்பாணத்தை விட்டு இருவரும் ஒரே வருடத்தில்தான் கிளம்பினோம். அவருக்கு லண்டன் வழி கிடைத்தது, எனக்குக் கிழக்கு பெர்லின் வழி. அவர் ஒரு மருத்துவமனைச் சமையலறை வேலைக்காக வேல்ஸுக்குப் போனவர், அங்கேயே ஊன்றிவிட்டார். நான் இங்கே முதலில் பாத்திரம் கழுவினேன், பிறகு பொதிக் கிடங்கில் பாரம் ஏற்றினேன், ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

எங்கள் இருவருக்கும் இருந்த பெரிய வித்தியாசம் ஒன்றுதான். ஒருகாலத்தில் வெள்ளைக்காரன் ஆண்ட நாட்டில் பிறந்தவர் என்பதால், கையில் இலங்கைக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டே அண்ணன் அங்கே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். எங்களை ஜெர்மன்காரன் ஆளவில்லை. அதனால் எனக்கு இங்கே வரி கட்ட மட்டும்தான் உரிமை.

அண்ணனின் தொகுதியில் சுரங்கத் தொழிலாளரின் கட்சி பூட்டன் காலத்திலிருந்து வென்றுகொண்டிருந்தது. வீடு கூட்டுகிற தும்புத்தடியை நிறுத்தினாலும் வெல்லும் என்று அண்ணனே சொல்வார். சுரங்கங்கள் மூடின, கடைகள் மூடின, இளசுகள் ஊரைவிட்டுப் போனார்கள், அந்தக் கட்சி மட்டும் அசையவில்லை. அண்ணன் போட்டது அந்த மண்ணின் மொழிக்காரர்களுடைய கட்சிக்கு. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "சின்னப் பாஷைக்காரனுக்குச் சின்னப் பாஷைக்காரன்தானடா துணை" என்றார். அந்த மொழியில் அவருக்குக் காலை வணக்கமும் நன்றியும் மட்டும்தான் தெரியும்.

அவர் முதல் தடவை வாக்களித்த கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, ஊரில் செய்வதுபோல் மேசைக்கு முன் போய் இடது கைச் சின்னவிரலை நீட்டிக்கொண்டு நின்றாராம், மை பூசுவார்கள் என்று. மேசையில் இருந்த கிழவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவர் விரலை மடக்கவும் இல்லை. கடைசியில் அந்த மனுஷி எழும்பி, அந்த ஒற்றை விரலையே பிடித்துக் குலுக்கிவிட்டு, வந்ததற்கு நன்றி என்றாளாம். "மைக்குப் பதிலா கையைக் குடுத்து அனுப்பிப்போட்டாளடா" என்று சொல்லிச் சிரிப்பார். நானும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பேன்.

அவர் சொல்லும் முடிவை நான் அன்றைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிவைப்பேன். தமிழ்க் கடையில் வருடப்பிறப்புக்குத் தருவார்களே, தினமும் கிழிக்கிற நாட்காட்டி, அதன் தாள். யார் வென்றது, அண்ணனின் ஆள் எத்தனையாவதாக வந்தது என்று இரண்டு வரி. முன்பக்கத்தில் ராகுகாலம், பின்பக்கத்தில் வேல்ஸ் தேர்தல். அந்தத் தாள்களை என் இலங்கைக் கடவுச்சீட்டுக்குள் செருகி வைத்தேன். முக்கியமான கடதாசி எதையும் வைக்க எனக்கு வேறு இடம் தோன்றியதில்லை.

என் சொந்தத் தேர்தல் சரித்திரம் ஒரு வரியில் முடிந்துவிடும். ஊரில் வயது வந்த பிறகு ஒரே ஒருமுறை வாக்களிக்கப் போனேன். பட்டியலைப் பார்த்த உத்தியோகத்தர், "உங்கட வோட்டைப் போட்டாச்சு தம்பி" என்றார். எனக்கு முன்னால் யாரோ வந்து என் பெயரில் போட்டுவிட்டுப் போயிருந்தான். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் செத்தவர்களும் வாக்களித்தார்கள். நான் உயிரோடு போய் நின்றும் ஏலவில்லை. விரலில் மை படாமல் வீட்டுக்கு வந்தேன், அடுத்த வருடம் நாட்டையும் விட்டு வந்தேன்.

"நீ அங்க சிற்றிசனுக்கு எழுதிப்போடு" என்று அண்ணன் வருடக்கணக்காகச் சொன்னார். என்னோடு வந்தவர்கள் எல்லாரும் Antrag என்கிற விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டார்கள். என் மனைவி எடுத்துவிட்டாள், பிள்ளைகள் எடுத்துவிட்டார்கள். தேர்தல் நாளில் அவர்கள் மூவரும் வெளிக்கிட்டுப் போவார்கள், நான் வீட்டில் இருந்து உள்ளி உரிப்பேன். பழைய குடியுரிமையை விட்டால்தான் புதியது கிடைக்கும் என்றார்கள். நான் விடமாட்டேன் என்றேன். அடுத்த வருடம் ஊருக்குப் போய்விடுவோம் என்பதுதான் முதலில் காரணம். பிறகு அந்தக் காரணம் பொய்யாகிவிட்டது என்று எனக்கே தெரிந்தபோது, பிடிவாதம் மட்டும் மிச்சம் இருந்தது. நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற சாதி நான்.

ஒரு தேர்தலுக்கு மறுநாள் அவர் தோற்ற செய்தியைச் சொன்னபோது நான் கேலி செய்தேன். "தோக்கிற குதிரையிலயே கட்டுறியளே அண்ணை, உங்கட வோட்டு வீண்தானே" என்றேன்.

 "தோத்தாலும் நான் போய்ப் போட்டனான். நீ வேலியில இருந்து விசில் அடிக்கிறாய்" என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. தொலைபேசியை வைத்துவிட்டேன். ஆறு மாதம் நானாக எடுக்கவில்லை. அவர்தான் தீபாவளிக்கு எடுத்து, ஒன்றும் நடக்காததுபோல் கோழிக்கறி விலையைப் பற்றிப் பேசினார். அந்த ஆறு மாதத்தை இப்போது நினைத்தால் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

பிறகு இங்கே சட்டம் மாறியது. பழையதை விடாமலே புதியதை எடுக்கலாம் என்று வந்தது. அதே கோடைகாலத்தில் அண்ணனின் தொகுதியும் மாறியது. எல்லைகளைத் திருப்பிக் கீறி, பக்கத்துத் தொகுதியோடு சேர்த்து, பழைய பெயரையும் எடுத்துவிட்டார்கள். புதிய தொகுதியில் நடந்த முதல் தேர்தலுக்கு அண்ணன் சக்கர நாற்காலியில் போனார். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்த நேரம் அது. மறுநாள் காலையில் எடுத்தார்.

"தொகுதியே செத்துப்போச்சு, என்ர ஆக்கள் இன்னும் தோத்துக்கொண்டு இருக்கினம்" என்றார். சிரிக்கும்போது மூச்சு வாங்கியது. பிறகு சொன்னார்: "டேய், இப்ப உனக்குச் சாட்டு இல்லை. எழுதிப்போடு. ஒருக்கா நீ போய்ப் போட்டிட்டு எனக்குச் சொல்ல வேணும். ஆர் வெண்டாலும் பரவாயில்லை. நான் கேட்டிட்டுப் போறன்."

எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த கிழமையே Antrag கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் எடுப்பார். முதல் கேள்வி, "வந்திட்டுதோ?" என்பதுதான். இல்லை, வரிசை நீளம் என்பேன். இத்தனை வருடம் அவரைக் காக்கவைத்தவன் நான். வரிசையைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

கார்த்திகை மாதம் ஒரு காலையில் அண்ணி எடுத்தார். அண்ணன் நித்திரையிலேயே போய்விட்டார் என்றார்.

ஜெர்மன் கடவுச்சீட்டு இருந்திருந்தால் அன்று பின்னேரமே விமானம் ஏறியிருப்பேன். என் மனைவியும் பிள்ளைகளும் அப்படித்தான் போனார்கள். என்னிடம் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு. அதற்கு விசா வேண்டும், விசாவுக்கு Termin, அதாவது முன்பதிவு நேரம், வேண்டும், Termin கிடைப்பதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிடும். நான் விடமாட்டேன் என்று முப்பத்தைந்து வருடம் பிடித்துவைத்திருந்த அதே சின்னப் புத்தகம் என்னை இங்கே பிடித்துவைத்தது. அங்கே என் மகன் கைத்தொலைபேசியைத் தூக்கிப்பிடிக்க, அண்ணனின் முகத்தை ஹனோவரில் சமையலறை மேசையில் இருந்து பார்த்தேன். வாய்க்கரிசி போடும் நேரம் படம் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள்.

டிசம்பரில், நத்தாருக்கு முந்திய கிழமை எனக்குக் குடியுரிமைப் பத்திரம் கிடைத்தது. அதை வழங்கிய அலுவலக அம்மா கைகொடுத்து வாழ்த்தினார். நான் அழுததைச் சந்தோஷம் என்று நினைத்திருப்பார்.

அடுத்த இலையுதிர்காலத்தில் நடக்கவேண்டிய தேர்தல் இங்கே முன்கூட்டியே மாசி மாதத்தில் வந்தது. எங்கள் பகுதிக்கு வாக்களிப்பு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில். சின்னப் பிள்ளைகளின் மேசையில் ஒரு அட்டைத் தடுப்பு. வாக்குச்சீட்டில் X போல ஒரு புள்ளடி வேட்பாளருக்கு, ஒன்று கட்சிக்கு. எங்கள் தொகுதியில் வெல்லவே மாட்டார் என்று எல்லாரும் சொன்ன ஒருவருக்கு முதலாவதைப் போட்டேன். நன்றாக யோசித்துத்தான் போட்டேன். புள்ளடி கோணலாக விழுந்தது. சீட்டை மடித்துப் பெட்டிக்குள் விட்டேன்.

இங்கேயும் மை இல்லை என்று எனக்குத் தெரியும். மனைவியும் பிள்ளைகளும் எத்தனையோ தேர்தலில் வெறும் விரலோடு வந்ததைப் பார்த்திருக்கிறேன். தெரிந்தும் என் இடது கை தானாக எழும்பி, சின்னவிரலை நீட்டிக்கொண்டு நின்றது. பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த நரைத்த மனிதர் விரலை உற்றுப் பார்த்துவிட்டு, காயமா என்று ஜெர்மனில் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பழக்கதோஷத்தில் நாட்காட்டித் தாளைக் கிழித்தேன். கிழித்த பிறகுதான், இந்தமுறை சொல்லவேண்டியவன் நான் என்று உறைத்தது. அண்ணனின் இலக்கத்தையே அழுத்தினேன். அங்கே மணி ஆறு. முதல் மணியிலேயே அண்ணி எடுத்தார்.

"எழும்பித்தான் இருக்கிறன். நீங்கள் எடுப்பியள் எண்டு தெரியும்" என்றார். "சொல்லுங்கோ, என்ன மாதிரி?"

"தோத்துப்போச்சு அண்ணி."

அவர் சிரித்தார். அண்ணன் போன பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். அந்தத் துணிவில் விரலை நீட்டிய கதையையும் சொன்னேன்.

"பிறகு? ஆரும் பிடிச்சுக் குலுக்கினவையோ?"

"இல்லை. காயமோ எண்டு கேட்டவை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"இல்லையெண்டு சொன்னன்."

 அண்ணி மெதுவாக, "ஏன் பொய் சொன்னனீங்கள்?" என்று கேட்டார்.