அம்மா வாயில் வந்த பெயர்

அந்த நாளை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது மஞ்சள் புழுதிதான். அமாவாசை மதியம். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் கொள்ளாமல் நிற்கிறது. வேப்பிலை, கற்பூரம், டீசல் எல்லாம் கலந்து ஒரே வாசனை. தலைகளுக்கு மேலே ராஜகிரி மலை வெயிலில் ஆடிக்கொண்டு, தண்ணீருக்குள் கிடப்பதுபோலத் தெரிகிறது. எனக்கு ஏழு வயது. என் கையில் தம்பியின் கை இருந்தது, அப்புறம் இல்லை. நடுவில் என்ன நடந்தது என்று இன்றுவரை சரியாக ஞாபகமில்லை. வளையல் கடை ஒன்று மட்டும் ஞாபகமிருக்கிறது.

இதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டுப் பெயர் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும்.

தம்பிக்கு வைத்தது தாத்தாவின் பெயர். நைனாவை, அதாவது எங்கள் அப்பாவைப் பெற்றவர். தம்பி பிறப்பதற்கு முந்தின வருஷம் போய்ச்சேர்ந்துவிட்டார். வல்லம் பக்கத்தில் வரப்புத் தகராறு என்றால் அவரைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்களாம். அவர் பெயரைச் சொன்னாலே கைகலப்பு பாதியில் நிற்குமாம். எனக்குத் தெரிந்தது போட்டோவில் இருந்த மீசை மட்டும். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன்; அம்மாவுக்குப் பிடிக்காது.

மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதே பெயரைப் பெற்ற பிள்ளைக்கு வைத்துவிட்டால்? அப்போதும் சொல்லக் கூடாது. அதனால் அம்மா தன் மகனைப் "பெரியவரே" என்றுதான் கூப்பிடுவாள். "பெரியவரே, சாப்ட வாங்க." "பெரியவரே, மண்ணுல பொரளாதீங்க." நைனாவின் அக்காவான எங்கள் அத்தைக்கு அவன் "எங்கப்பா". நைனாவுக்கு "ராசா". நாலு வயதுக்குள் அவனுக்கு இத்தனை பட்டம். வைத்த பெயர் மட்டும் பிறப்புச் சான்றிதழோடு பீரோவுக்குள் பத்திரமாகத் தூங்கியது.

பெயரையே சொல்லக் கூடாதென்றால் திட்டுவது எப்படி, அடிப்பது எப்படி? அவன் மோர்ப்பானையைப் போட்டு உடைத்தாலும், "பெரியவரே, இப்டி செய்யலாமா?" என்று ஒரு வருத்தம், அவ்வளவுதான். அடுத்த நிமிஷம், "ஏ செல்வி! நீ இன்னாடி பாத்துகினு இருந்த?" என்று என் முதுகில் ஒன்று விழும். அம்மா அப்படிக் கத்துகிற சத்தம் கேட்டால் போதும், தம்பி எந்த மூலையில் இருந்தாலும் வேடிக்கை பார்க்க ஓடி வந்துவிடுவான். நான் அடிவாங்குவது அவனுக்குக் காசில்லாத சினிமா.

செல்வி என்பது யாரும் யோசித்து வைத்த பெயரில்லை. பெண் பிறந்திருக்கிறது என்றதும் எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்களாம். ஆஸ்பத்திரி நர்ஸ் அவராகவே எழுதிக்கொண்ட பெயர். என் வகுப்பிலேயே நாலு செல்வி இருந்தோம். எந்தப் பெரிய மனுஷருக்கும் சொந்தமில்லாத பெயர் என்பதால் யாரும் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், வையலாம். அம்மா விடிந்ததிலிருந்து அதைத்தான் செய்தாள். நைனாவைக் கூப்பிட வேண்டுமென்றாலும் "செல்வி நைனா, இங்க வாங்க" என்பாள். அந்த வீட்டில் என் பெயர் படாத பாடு பட்டது, எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

அன்றைக்குப் போனது தம்பிக்கு முடி இறக்க. ஸ்பெஷல் பஸ் ஒன்று உள்ளே நுழைந்ததும், ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுச் சீட்டுப் பிடிக்க அத்தை ஓடிவிட்டாள். அம்மா திரும்பிப் பார்த்தாள். என் கை சும்மா இருந்தது.

"பெரியவரு எங்கடி?"

அம்மா என்னை இழுத்துக்கொண்டு கூட்டத்தில் ஓடினாள். கால்கள், கூடைகள், மஞ்சள் புடவைகள், தலையில் மொட்டை போட்ட பிள்ளைகள், போடாத பிள்ளைகள். எல்லாப் பிள்ளையும் தம்பி மாதிரி இருந்தது. கிட்டே போனால் எதுவுமே தம்பி இல்லை. கடைசியில் பஸ் நேரம் சொல்லுகிற மைக் அறை வாசலில் போய் நின்றோம்.

"புள்ள பேர் இன்னாம்மா?" என்றார் மைக்குக்காரர்.

அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். "அவங்க தாத்தா பேருதான்."

"தாத்தா பேர் இன்னா?"

"எங்க மாமனாரு."

"உறவா கேட்டேன்? பேருதான கேட்டேன். புள்ள வேணுமா, வேணாமா உனுக்கு?"

அம்மாவின் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து மட்டும் கொட்டியது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டு, நானே அந்தப் பெயரைச் சொல்லிவிட்டேன். சொன்னதும் அம்மா பட்டென்று தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்புறம் அந்தப் பெயர் குழாய் ஸ்பீக்கரில் முழங்கியது. மூன்று தரம். மலை வரைக்கும் போய்த் திரும்பி வந்ததுபோல இருந்தது. டீக்கடையில் ஒரு கிழவர் எழுந்து நின்று, "அவரு செத்து அஞ்சு வருசமாச்சே, இன்னாத்துக்கு இப்ப தேடறாங்க?" என்றார். பஸ் ஸ்டாண்டில் பாதிப்பேருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. பெயருக்குச் சொந்தக்காரனுக்குத்தான் தெரியவில்லை. தம்பி அதே ஸ்பீக்கர் கம்பத்துக்குக் கீழே, கரும்பு ஜூஸ் வண்டி மறைவில், அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டு நின்றிருந்தான். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டான்.

நேரம் போனது. யாரும் வரவில்லை. அம்மா பஸ்கள் நிற்கிற வெட்டவெளிக்கு ஓடி வந்து, வானத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"செல்வி! ஏ செல்வீ!"

நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன். "நான் இங்கதாம்மா இருக்குறேன்" என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள், என்னைத் தாண்டிப் பார்த்தாள், மறுபடியும் "செல்வீ" என்றாள். அடிவயிற்றிலிருந்து வந்த சத்தம். யாரோ ஒரு பெண் என் தோளைப் பிடித்து அம்மாவிடம் தள்ளி, "இதோ இருக்குது பாரும்மா உன் பொண்ணு" என்றாள். எனக்கு மானம் போயிற்று.

அப்போதுதான் ஜூஸ் வண்டிக்குப் பின்னாலிருந்து அவன் ஓடி வந்தான். வாய் நிறைய மல்லாட்டை, முகம் நிறையச் சிரிப்பு. எனக்கு அடி விழப்போகிறது, பார்க்காமல் விட்டால் எப்படி! அம்மா அவனை வாரி எடுத்து, "பெரியவரே, பெரியவரே" என்று முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள். முடித்துவிட்டு என் முதுகில் ஒன்று வைத்தாள். வந்ததற்குப் பையன் ஏமாறவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மலை மறைகிற வரைக்கும் அழுதேன். பிள்ளையே தொலைந்தாலும் அம்மாவுக்கு முதலில் ஞாபகம் வருவது யாரை அடிக்கலாம் என்பதுதான் என்று முடிவு கட்டினேன். அந்த முடிவை இருபது வருஷத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தேன்.

தம்பி இப்போது சென்னையில் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறான். அங்கே அவன் பெயரைக் கேட்டு யார் சண்டையும் நின்றதாகத் தெரியவில்லை. தாத்தாவின் மீசைகூட அவனுக்கு வரவில்லை. ஆனால் நல்ல பையன்.

போன மாதம் அம்மாவுக்கு டச் போன் வாங்கிக் கொடுத்து நம்பர்களைப் பதிந்துகொண்டிருந்தேன். அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். செல்வி நைனா. செல்வி அத்தை. செல்வி தம்பி. விரலால் தள்ளத் தள்ள என் பெயராகவே வந்தது. எனக்கு அந்தப் புழுதி ஞாபகம் வந்துவிட்டது.

"ஏம்மா, அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல காணாம போனது அவன். நான் உன் பொடவய புடிச்சிகினு நிக்கிறேன். என்னை எதுக்கு அப்டி கூப்ட்ட?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இதுகூடவா தெரியாது என்கிற பார்வை.

"வேற யாரு பேருடி என் வாயில வரும்?"