கம்பெனிப் புகைக்கு வந்த வாழ்வு

வில்லியனூரில் மனை விற்கும் கோவிந்தராஜின் ஆபீசில் ரோஸ்லினுக்கு வேலை. இன்னும் கட்டாத வீடுகளைக் கம்ப்யூட்டரில் கட்டி, தலைக்குமேல் வானம் போட்டு, நிஜ போட்டோ மாதிரி காட்ட வேண்டும். மனைகள் கரிக்கலாம்பாக்கம் பக்கம், ஒரு கெமிக்கல் கம்பெனியின் புகைபோக்கிக்கு எதிரே. அவள் வீடும் அங்கேதான். கொடியில் போட்ட வெள்ளைத் துணி சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும். மகளுக்கு இருமல் விட்ட நாளே கிடையாது.

"இன்னாம்மா, வானம் டல்லடிக்குது? இன்னும் நீலமாக்கு" என்பார் கோவிந்தராஜ். அவளும் நீலத்தைக் கூட்டுவாள். மறுபடி வந்து அதையே சொன்னபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீலமாம் நீலம்! எங்க தெருவுல வந்து ஒரு நாள் மூச்சு வுட்டுப் பாக்கட்டும்" என்று பல்லைக் கடித்தாள். படத்தில் காற்றின் மங்கலைக் கூட்டும் அளவுகோலை மவுஸால் ஒரே இழுப்பில் கடைசிவரை கொண்டுபோனாள். தூரத்துத் தென்னைகள் காணாமல் போயின. வெயில் வெளுத்தது. வீடுகள் பாதி சாம்பலுக்குள் முங்கின. அவள் தெருவின் காலைநேரம், அச்சு அசல்.

வேலை போனால் போகட்டும் என்று திரையை அவர் பக்கம் திருப்பினாள். "இதான் சார் உங்க மனையோட வானம். நல்லா பாருங்க!"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அடேயப்பா, இன்னா பனி! ஊட்டி மாதிரி இருக்குதே. இதை முன்னாடியே பண்ணியிருக்கக் கூடாதாம்மா?"

ஞாயிற்றுக்கிழமை மகளோடு சர்ச்சுக்குக் கிளம்பினால், தெருமுனையில் பேனர் ஏறியிருந்தது: 'பனி தவழும் இல்லங்கள்.' அதன் அடியில் நின்று மகள் இருமினாள். மனை பார்க்க வந்திருந்த ஒருவர் அக்கறையாகச் சொன்னார்: "பாப்பாவுக்கு இந்த ஊர்ப் பனி ஒத்துக்கல போல."