தன் கதிரைக்கு ஆள் பழக்கிய பிலோமினா அக்கா

அன்று காலை கந்தோருக்கு வந்ததும் முதல் வேலையாக ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெருகல் படகுக்காரர் ஒருவரைப் பற்றி விசாரிக்கத் தொலைபேசியை எடுத்தேன். எங்கள் கட்டடத்தில் எல்லா அழைப்பும் இணைப்பு அறை வழியாகத்தான் போகும். "சொல்லுங்கோ ராசா" என்று அங்கிருக்கும் குசுமா வழக்கம்போல் தொடங்கவில்லை. "அக்கா எங்களை விட்டுப் போயிட்டா" என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை.

பிலோமினா அக்காவை உங்களில் பலர் கண்டிருக்க மாட்டீர்கள், கேட்டிருப்பீர்கள். அந்த நாளில் துறைமுகப் பக்கம் தொலைபேசியில் யாரைத் தேடினாலும் முதலில் அவர்தான் பேசுவார். இலக்கம் கேட்கமாட்டார். "அந்த மெலிஞ்ச ஐயா, கண்ணாடி போட்டவர்" என்றாலும் உரிய மேசையில் மணி அடிக்கும்.

சிங்களப் பரீட்சை எடுக்காதவர்களுக்கு வேலை நீடிக்காது என்று அரசாங்க உத்தரவு வந்தபோது நாங்கள் பலர் எடுத்தோம். நான் பல்கலைக்கழகம் முடித்துப் புதிதாகச் சேர்ந்திருந்த காலம் அது. அக்கா எடுக்கவில்லை. வாசல் காவற்காரருடன் நாள்தோறும் சிங்களத்தில் பகிடி விடுகிறவர் அவர். ஏன் என்று கேட்டேன். "படிக்க விருப்பமில்லை எண்டில்லை. படிக்கச் சொன்ன விதம் பிடிக்கேல்லை" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

அதனால் வேலை போவதென்று முடிவாகி, கந்தோரில் அவருடைய கடைசி மாதத்தில், அவரிடத்துக்குக் குருநாகலில் இருந்து குசுமா வந்தார். அக்காவைவிட மூத்தவர், கணவனை இழந்த சிங்களப் பெண். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. இணைப்புப் பலகையைப் பழக்கிவிட்டால் போதும் என்பது மேலிடத்து உத்தரவு. அதையும் அரைகுறையாகப் பழக்குங்கள், பலகை நாலு நாள் ஊமையாகக் கிடந்தால்தான் இவர்களுக்கு உங்கள் அருமை விளங்கும் என்றார் எங்கள் பகுதிச் சிவலிங்கம் அண்ணர். எங்களில் பலருக்கும் அது சரியென்றே பட்டது.

குசுமா வந்த கிழமையிலேயே மூதூர் இறங்குதுறையில் இருந்து ஒரு அழைப்பு. பிள்ளைப்பேறு சிக்கலாகிவிட்ட ஒரு பெண்ணைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவர லோஞ்ச் படகு வேண்டுமென்று ஒருவர் கத்துகிறார். ஒன்றும் விளங்காத குசுமா பயத்தில் இணைப்பைப் பிடுங்கிவிட்டார். அக்கா திரும்ப மூதூரைப் பிடித்து, லோஞ்ச் புறப்படும்வரை விடவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த மனிதர் என்ன சொன்னார், அதைத் தனக்குச் சொல்லித்தர ஏலுமா என்று குசுமா அழுதபடி சிங்களத்தில் கேட்டார். அன்றே பாடம் தொடங்கியது.

சிவலிங்கம் அண்ணருக்குப் பொறுக்கவில்லை. "சோதினை எழுதமாட்டன் எண்டு நிண்ட ஆள், இப்ப அவவுக்குத் தமிழ் வாத்தியாரோ?"

அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "வேலை போறது எனக்கு. மூதூர்க்காரன் என்ன பிழை செய்தவன்?"

அண்ணர் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து அறையில் இருந்து தானே அழைத்து, கோபக்கார மீன் முதலாளியாகவும் காது கேளாத கிழவராகவும் குரல் மாற்றிக் குசுமாவைச் சோதிக்கத் தொடங்கினார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் எங்களுக்கு அது நாடகம் பார்த்தது போல. "ராசா" என்பது தொலைபேசிக்கு உரிய மரியாதைச் சொல் என்று நினைத்த குசுமா, ஒருநாள் மேலதிகாரியையே "சொல்லுங்கோ ராசா" என்றுவிட்டார். திருத்தச் சொன்னோம். "விடுங்கோ, அந்த மனிசனை வேற ஆர் அப்பிடிக் கூப்பிடப் போயினம்?" என்றார் அக்கா.

அக்கா வேலையை விட்டுப் போய்ச் சில மாதங்களின்பின் மூதூரில் இருந்து ஒருவர் எருமைத் தயிர்ச் சட்டியோடு இணைப்பு அறைக்கு வந்தார். அந்த லோஞ்சுக்காக அழைத்தவர் அவர்தான். அக்கா இப்போது இங்கே இல்லை என்றதற்கு, பிலோமினா அக்காவோடு நேற்றும் கதைத்தேனே என்றார். குசுமா, நேற்றுக் கதைத்தது தான்தான் என்றார். மனிதர் சட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இதை அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவர் முகத்தில் அப்படியொரு பெருமையை நான் அதற்குமுன் கண்டதில்லை. "அப்ப வடிவாத்தான் பழக்கியிருக்கிறன்" என்றார். பிறகு, "தயிர் எனக்கு வந்ததெல்லோ, எங்க?"

அடக்கத்தன்று தேவாலயத்தில் குசுமா குடும்பத்தாருக்கான முன் வாங்கில் இருந்தார். அக்காவின் தங்கைதான் கையைப் பிடித்து அங்கே கூட்டிச்சென்று இருத்தினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகையைவிட நெஞ்சு நிமிர்வுதான் வந்தது. அப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே கூரையின்கீழ் வேலை செய்திருக்கிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது மூதூர்க்காரனைப் பற்றிய அந்த ஒற்றைக் கேள்விதான். அது இப்போது என்னிடம் வந்து நிற்கிறது. கிண்ணியா, ஈச்சிலம்பற்று, வெருகல் படகுகளைப் பதியும் எங்கள் பகுதி கைமாறப் போகிறது. எங்கள் இடத்துக்கு வேலை பழக வெளியிலிருந்து இருவர் வருகிறார்கள். அந்தக் கிழமை முழுவதும் லீவில் நிற்பதென்று நாங்கள் எல்லோரும் பேசி முடித்துவிட்டோம். நானும் தலையாட்டினேன். மற்றவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் அந்தத் திங்கட்கிழமை நான் கந்தோருக்கு வருவேன். வருகிற இருவருக்கும் என் மேசையருகில் கதிரை போடுவேன். இதை நான் கந்தோரில் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.